ஆமாஞ்சாமியின் காது

ஆணித் தொழிற்சாலையில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். கம்பியை இழுத்து, வெட்டி, தலை தட்டித் துப்பும் இயந்திரங்கள் ஒரே தகரக் கூரையின் கீழ் ஓடும் இடம் அது. அங்கே யாரும் குரலை வீணாக்குவதில்லை. உதட்டை அசைத்தால் எதிரில் நிற்பவர் புரிந்துகொள்வார். இதில் ஆமாஞ்சாமியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கோடியில் ஃபோர்மேன் வாயசைத்தால் இந்தக் கோடியில் இவர் தலையாட்டுவார். "மனுஷனுக்குப் பாம்புக் காது" என்று கூடமே சத்தியம் செய்தது.

அவர் மனைவி அதே கூடத்தில் பெட்டி கட்டும் வேலையில் இருந்தாள். அவளும் அதை நம்பினாள். வினையே அங்கேதான்.

வீட்டில், அடுப்பைப் பார்த்தபடி அவள் ஏதாவது சொன்னால் பதில் வராது. குழாயை மூடச் சொன்னால் வாளி நிரம்பி வழியும். குரலை உயர்த்தினால், "எதுக்கு இப்படிக் கத்துற?" என்று எரிந்துவிழுவார். "ஃபோர்மேன் முணுமுணுத்தா கேக்குது, நான் தொண்டை கிழியக் கத்தினா கேக்கலையாக்கும்" என்று அவள் பொருமினாள். பெண்டாட்டி வரவர வாய்க்குள்ளேயே முனகுகிறாள் என்பது அவர் கட்சி.

ஒரு மாலை, வாசலில் ஷூ துடைத்துக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்து, "நான் அக்கா வீட்டோட போயிடறேன்" என்றாள். 'போகாதே' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் இருந்திருப்பாள். ஷூதான் பளபளத்தது. மனம் விட்டுப்போய், துணிகளை எடுத்துப் பையில் அடுக்கினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவருடன் சர்க்கரை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவருக்குப் பல வருடச் சர்க்கரை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பது அவளுக்குத்தான் தெரியும். இனிமேல் அவரே பார்த்துக்கொள்ளும்படி நர்ஸை விட்டுச் சொல்ல வைப்பதாக எண்ணம்.

நர்ஸ் மாஸ்க் போட்டிருந்தாள். "கால்ல புண் இருக்கா?" என்றாள். தலையாட்டினார். ஷூவைக் கழற்றிப் பார்த்தால் கால் சுத்தமாக இருந்தது. "மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" அதற்கும் ஒரு தலையாட்டல். நர்ஸ் எரிச்சலுடன் மாஸ்க்கை இறக்கி மறுபடி கேட்டாள்.

"ஐயோ, ஒரு வேளைகூட விட்டதில்லம்மா" என்றார்.

மாஸ்க் இறங்கி உதடு தெரிந்த பிறகுதான் சரியான பதில் வந்தது என்பதை மனைவி கவனித்தாள். எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். "என்னங்க" என்றாள். இன்னொரு தரமும் கூப்பிட்டாள். நர்ஸ்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

காதுப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "சர்க்கரை கண்ணைக் கெடுக்கற மாதிரி காதையும் கெடுக்கும்மா. உள்காதுல இருக்கற சின்னச் சின்ன ரத்தக் குழாய், நரம்பெல்லாம் மெதுவா பாழாகும். வலிக்காது, அதான் தெரியறதில்ல."

"நானும் அதே மெஷின் பக்கத்துலதான் நிக்கறேன். எனக்குக் கேக்குதே?"

"சத்தமும் ஒரு காரணமா இருக்கலாம். சர்க்கரையும் சேர்ந்தா இன்னும் மோசம். போனது திரும்ப வராது. காதுக்கு மெஷின் வச்சா பேச்சு கேக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள்ள வச்சுக்கிட்டா மேல மேல கெடற வேகத்தைக் குறைக்கலாம்."

இத்தனை வருடத்தில் கண்ணைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். காதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பாம்புக் காது என்று பேர் வாங்கியவரை யார் கேட்பார்கள்?

நடைபாதையில் அவள் அவருக்கு நேரெதிரே வந்து நின்றாள். "அன்னைக்கு ஷூ துடைச்சிட்டிருந்தப்போ நான் ஒண்ணு சொன்னேனே, கேட்டுச்சா?"

"என்ன சொன்ன?"

"அக்கா வீட்டுக்குப் போறேன்னு."

"அதுக்குத்தான் பையெல்லாம் அடுக்கி வச்சிருக்கியா? தாராளமா போயிட்டு வா. எப்ப வருவ?"

தன்னை ஒதுக்கவே நினைக்காத மனிதரோடு இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"போகலைங்க" என்றாள்.