ராக்காயி பார்த்துக்கொண்டிருந்த வீடு

அக்கராயனில் வாய்க்காலை ஒட்டி நிற்கும் கல்வீட்டின் வாசல் படலையில் வெள்ளை வானொன்று வந்து நின்றதும், ராக்காயி கதவைச் சாத்திவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

"வீட்டுக்காரர் நிக்கினமோ?" இறங்கிய இளைஞன் கேட்டான்.

"பளைக்குப் போயிருக்காங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

இந்தப் பதில் ஒரு காலத்தில் உண்மை. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வீரகத்தி கட்டிய வீடு அது. மலையகத்தில் இனக்கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த ராக்காயியும் புருசனும் அவருடைய வயலில் வேலை செய்தார்கள். வீரகத்திக்குப் பிறகு வீடு மருமகன் பொன்னையாவுக்கு வந்தது. அவர் குடும்பத்தோடு கனடா போனபோது வீட்டைப் பூட்டித் திறப்பை ராக்காயியிடம் கொடுத்தார். தோளில் துவக்கோடு வந்தவர்களும் ஃபைலோடு வந்தவர்களும் யார் வீடென்று கேட்டால், "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பாள். காவல்காரியிடம் எதைப் பறிப்பது? போய்விடுவார்கள்.

போரின் கடைசி இடப்பெயர்வில் ஊரெல்லாம் கூரை ஓடுகளையும் கதவையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடியது. முகாமிலிருந்து திரும்பியபோது சுவர்தான் நின்றது. பொன்னையா போனில், "இனி அது உன்ர வீடுதான் ராக்காயி" என்றார். அடுத்த வருடம் அவரும் இல்லை. புருசனும் அவளுமாகத் தகரம் போட்டு, எந்த வீட்டதோ தெரியாத கதவொன்றைப் பொருத்திக் குடியிருந்தார்கள். இப்போது புருசனும் இல்லை. காணிப் பெர்மிற்றில் இன்னும் வீரகத்தியின் பெயர். அதனால் யார் வந்தாலும் அவள் காவல்காரிதான்.

வந்தவன் கிணற்றைப் படமெடுத்தான். எல்லைக் கம்பியையும் எடுத்தான். அவள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"நான் பிரதீபன். பொன்னையாவின்ர மகன். ராக்காயி எண்டு ஒராள் இருக்கிறாவாம். காணியை அவாவின்ர பேருக்கு மாத்திக் குடுத்திட்டு வா எண்டு அம்மா அனுப்பினவா."

கொடுப்பதற்காகக் கனடாவிலிருந்து எவனாவது வருவானா? கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே தள்ளுவதற்குத்தான் வருவார்கள்.

"அப்புடி யாரும் இல்லீங்க."

அவன் பக்கத்து வேலியில் நின்ற கமலாசனியிடம் போனான். அவா வானைப் பார்த்தா, அவனைப் பார்த்தா, ராக்காயியின் முகத்தையும் பார்த்தா. வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திப்போன காலத்தை அவா மறக்கவில்லை.

"ராக்காயியோ? அவா செத்துப்போனா தம்பி."

பிரதீபன் பெருமூச்சு விட்டான். "அப்ப காணியை அரசாங்கத்திட்டையே திருப்பிக் குடுக்கவேண்டியதுதான்."

ராக்காயி வேலியடிக்கு ஓடினாள். "தம்பி, நில்லுங்க. நான்தான் ராக்காயி!"

இப்போது அவன் முகம் மாறியது. "இவ்வளவு நேரமும் காவல்காரி. காணியெண்டோன ராக்காயியோ?"

அவள் உள்ளே ஓடி அடையாள அட்டையை எடுத்துவந்தாள். படத்தில் கறுப்புத் தலைமயிரோடு யாரோ ஒருத்தி. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது செத்தவாவின்ர கார்ட்டோ?"

"கமலாக்கா! உண்மையச் சொல்லுங்க!"

அவளை வெருட்டித்தான் அப்படிச் சொல்ல வைக்கிறான் என்று கமலாசனி நினைத்தா. "அவாக்குத் தலை கொஞ்சம் சரியில்லைத் தம்பி. பாவம், விட்டிடுங்கோ."

அவன் தாய் தயாளினிக்கு வீடியோ கோல் எடுத்து, போனை ராக்காயியின் முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு பெண்.

"நீயே ராக்காயி?"

ராக்காயி கண்ணைச் சுருக்கினாள். "அது இருக்கட்டும். நீங்க தயாளினி அம்மான்னு நான் எப்புடி நம்புறது? அவங்க நல்ல மெலிவு. ஒங்க மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருக்கு."

போனுக்குள் சிரிப்பு வெடித்து இருமலில் முடிந்தது. "தம்பி, அவளேதான்! சந்தையில வாங்கின மீனை மூண்டுதரம் மணந்து பாத்துத்தான் குசினிக்குள்ள விடுவாள். இண்டைக்கே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போ."

சிரிப்பு தயாளினியுடையதுதான். ராக்காயிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கொஞ்சம்தான். சேலை மாற்றிக்கொண்டு வந்து வீட்டைப் பூட்டினாள்.

"ஏறுங்கோ அம்மா."

"கமலாக்காவும் வரணும்."

கமலாசனி முதலில் வானின் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினா. பிறகு பிரதீபனின் முகத்தையும் ஒன்று எடுத்தா. அதன்பிறகுதான் இருவரும் ஏறினார்கள், கதவோரமாக.