என் அப்பாவும் அவர் பிரசங்கமும்

"ஏன் சிஸ்டர், உங்க ரெண்டு பேரோட அப்பாவும் தோல் ஷாப்புலதான் வேலை செஞ்சாங்களா?"

பம்மலில் ஒரு சின்ன சர்ச். அன்றைக்குப் பிரசங்கம் செய்தது நான். ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தபோது பாடகர் குழு அக்கா ஒருவர் இப்படிக் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வீட்டுக்காரரின் அப்பா நாகர்கோவிலில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். வேட்டியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் தெருவில் இறங்க மாட்டார்.

"இல்லையேக்கா, எங்க அப்பா மட்டும்தான்" என்றேன்.

"அப்போ போன வாரம் உங்க வூட்டுக்கார பிரதர் வந்து அதே கதைய சொன்னாரே? எங்க அப்பா ரெண்டு தபா குளிச்சிட்டு, பவுடர் போட்டுகினு, கடைசி பெஞ்சுல குந்திக்குவாருன்னு... பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டோம். பரவால்ல, நீங்களும் அவுரு சொன்னத அப்படியே மனப்பாடம் பண்ணி நல்லாத்தான் சொன்னீங்க."

நான் பேசும்போது முன் வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததும், ஆயர் தலையைக் குனிந்துகொண்டதும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அக்கா நீட்டிய கையைப் பிடித்தபடியே நின்றேன்.

நானும் என் வீட்டுக்காரரும் தாம்பரம் பக்கம் ஓர் இறையியல் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். தம்பதிகளுக்கான குவார்ட்டர்ஸில் ஒரு ரூம், ஒரு கிச்சன். வகுப்பும் ஒன்றுதான், பரீட்சையும் ஒன்றுதான், ஈரத் துணி காயப்போடுகிற கொடியும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பக்கத்துச் சபைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அங்கே இருக்கும் ஆயர் எங்கள் பிரசங்கத்தைக் கேட்டுக் கல்லூரிக்கு அபிப்பிராயம் சொல்வார். என் வீட்டுக்காரருக்கு எப்போதுமே நல்ல பெயர். எனக்குத்தான் இழுபறி. பொம்பளைக்குப் பிரசங்கம் வருமா என்று தாடையைச் சொறிகிறவர்கள் எங்கள் பேராயத்தில் இன்னும் இருக்கிறார்கள். பம்மல் ஆயரும் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால்தான் எனக்குக் குருப்பட்டத்துக்கு வழி பிறக்கும். விஷயம் அப்படி.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்குப் பிரசங்கம் வந்தாலும், சமைக்கிற நேரத்தில் மற்றவரிடம் பேசிக் காட்ட வேண்டும். நான் அடுப்படியில் நின்று பேசுவேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "இந்த எடம் இழுக்குது பாரு, இங்க ரொம்ப ஓடுற" என்பார். அப்பாவைப் பற்றிய அந்தப் பிரசங்கத்தை அப்படி எத்தனையோ சாயங்காலம் பேசியிருக்கிறேன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற இடத்தில் அப்பாவுக்கு வேலை. அந்த வாடை மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று சர்ச்சில் கதவோரம் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தல் எனக்கு ஆன அன்றைக்குக்கூட முன்னால் வரவில்லை. முதல் நற்கருணை வாங்கின கையோடு நான் கடைசி பெஞ்சுக்கு ஓடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்க ஏம்மா வந்த, நாத்தம்" என்றார். அவ்வளவுதான் பிரசங்கம். அப்பா போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அழாமல் அதைச் சொல்லி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் சாதம் வடித்துக்கொண்டிருந்தார்.

"என் பிரசங்கத்தை பம்மல்ல பேசினீங்களா?"

மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகச் சொன்னார். போன வாரம் பம்மல் ஆயருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அவரால் பேச முடியாது என்று கடைசி நேரத்தில் இவரை அனுப்பியிருந்தார்கள். கையில் சொந்தப் பிரசங்கம் இருந்தது. மைக் முன்னால் போய் நின்றதும் எதிரே தோல் வேலை செய்கிற குடும்பங்கள். படித்து எழுதினதெல்லாம் மறந்து, கிச்சனில் கேட்டுக் கேட்டு ஊறிப்போனது வாயில் வந்துவிட்டது.

"சரி, எங்க அப்பான்னு ஏங்க சொன்னீங்க?"

"மாமனார்னு ஆரம்பிச்சா சுத்தி வளைக்கணும். அப்படியே வந்துடுச்சும்மா."

"எங்க அப்பாவையுமா எடுத்துக்குவீங்க?" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம் நின்றது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு. இந்த ஞாயிறு நான் அஸ்தினாபுரம் சபைக்குப் போக வேண்டியது. முந்தின நாள்தான் பம்மலுக்கு மாற்றினார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ போட்டுக் கொடுத்து, கீழே உட்கார்ந்து என் புடவைக் கொசுவத்தைச் சரிபண்ணிவிட்டு, வாயே திறக்காமல் அனுப்பிவைத்திருக்கிறார். அடப்பாவி மனுஷா!

"சொல்ல வாய் வரல" என்றார்.

"மைக் முன்னாடி மட்டும் நல்லா வருதே!"

இரண்டு நாள் கழித்துப் பயிற்சியைக் கவனிக்கிற பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். பம்மல் ஆயர் போனில் சொன்னாராம், புருஷன் பேசினதை அந்தம்மா ஒப்பிக்கிறாங்க, சொந்தச் சரக்கு ஒன்றும் இல்லை என்று. "நீங்களே வந்து சபைக்கு நடுவுல உண்மையைச் சொல்லணும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறு பேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டார். அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றார். பூசி மெழுகவில்லை. அந்தப் பிரசங்கம் என் மனைவியுடையது, அது அவள் அப்பா, என் அப்பா இல்லை, நான் அவளைக் கேட்காமல் எடுத்துப் பேசினேன், மன்னியுங்கள் என்றார். அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

வாசலில் அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கன்னத்தைத் தடவினார். "மாமனார அப்பான்னு சொல்ற மருமவன் எங்கம்மா கெடைப்பான்? அத சொல்றதுக்கு இம்மாந்தூரம் வந்து மன்னிப்பு வேற கேக்குறாரு. நீ குடுத்து வெச்சவ!"

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். "இல்லக்கா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஆயர் வந்து என் வீட்டுக்காரர் தோளில் தட்டினார்.

"பெரிய மனசு தம்பி உங்களுக்கு. பொண்டாட்டிக்காகச் சபைக்கு முன்னாடி இப்படித் தாழ்த்திக்கிறவன் எவன்? கவலைப்படாதீங்க, உங்க மூஞ்சிக்காக அவங்களைப் பத்தியும் நல்லபடியா சொல்லிடறேன்."

என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எனக்காகச் சொல்லாதீங்க. அது நிஜமாவே அவளோடது" என்றார்.

"பாத்தீங்களாம்மா?" ஆயர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்பவும் விட்டுக்குடுக்கிறாரு."

ஷேர் ஆட்டோவில் பாதி தூரம் போயிருப்போம். அவர் என் பக்கம் திரும்பி, "நான் என்ன சொன்னாலும் நல்ல பேரு எனக்கே வந்து சேருது" என்றார்.

"இன்னைக்குத்தான் தெரியுதா?" என்றேன்.