பொம்மைக்கு வைத்த பொட்டு

திலகவதி வேலை பார்த்த கம்பெனியில் வெளிநாட்டு சினிமா நாயகர்களும் வில்லன்களும் ஒரு சாண் உயரப் பொம்மைகளாகப் பிறந்து, பெட்டிக்குள் போய், கப்பலேறுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே அப்படி ஒரு கம்பெனி இருப்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வளர்ந்த ஆட்கள் இந்தப் பொம்மைகளை வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், கண்ணாடி அலமாரியில் அடுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று தரம் பார்க்கும் மதன் சொன்னபோது பெயிண்டிங் பிரிவுப் பெண்கள் நம்பவில்லை.

"வெளாடாத பொம்ம இன்னாத்துக்கு?" என்று அருணா கேட்டாள்.

மதன் அந்த உலகத்துப் பைத்தியம். எந்தப் படத்துக்கு அடுத்த பாகம் வருகிறது, எந்த வீடியோ கேம் வெளியாகிறது, எந்தப் பொம்மைக்கு எவன் அடித்துக்கொள்கிறான் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கம்பெனி பஸ்ஸில் ஒப்பிப்பான்.

திலகவதியின் வேலை கண் வரைவது. அவள் வரைந்தால் பொம்மை நம்மைப் பார்க்கும். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. பெயர்கள் வாயில் நுழையாததால் பெண்களே தாடிக்காரர், நீலப் பொண்ணு, கோபக்கார மாமா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆரம்பாக்கத்தில் அவள் கணவன் சேகர் சொந்த நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தவன். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடாது என்றானபின் நிலம் குத்தகைக்குப் போனது. அவள் வேலையோடு வந்த இ.எஸ்.ஐ. அட்டைதான் அவனை உயிரோடு வைத்திருந்தது. வேலை போனால் சேகரும் போய்விடுவான் என்றுதான் அவள் தினமும் காலையில் எழுந்தாள்.

அந்த வருஷம் ஒரு புதுப் பொம்மை வந்தது. பல படங்களில் முகமூடியோடு மட்டுமே வந்த ஒரு போர்வீரன். முகமூடிக்குள் யார் என்று உலகமே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்ததாம். வரப்போகும் படத்தில்தான் முகம் தெரியும். பொம்மைக்குக் கழற்றி மாட்டும் முகமூடி வைத்திருந்தார்கள். கழற்றினால் உள்ளே நடுவயதுப் பெண் ஒருத்தி, கன்னத்தில் தழும்போடு. கண் வரைந்த திலகவதிக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப் போனது. படம் வரும்வரை வெளியே காட்டக் கூடாது என்று மாதிரிப் பொம்மையை அலமாரியில் பூட்டி, சாவியைத் திலகவதியிடம் கொடுத்திருந்தார் மேனேஜர் துளசிராமன்.

ஆயுத பூஜை வந்தது. தூரிகை, ஸ்பிரே கன், அச்சு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் தெளித்தார்கள். புது அச்சில் வந்த முதல் பொம்மையைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது அந்தப் பிரிவில் வழக்கம். வைக்காமல் விட்டால் லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகும் என்று ஒரு பயம். திலகவதி யாரையும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து பொம்மையைக் கொண்டுவந்து தட்டில் நிறுத்தினாள். நிறுத்தியதும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"சாமி முன்னால மூஞ்ச மூடிக்கினு நிக்கலாமா?" என்று முகமூடியைக் கழற்றி வைத்தாள்.

அருணா பொம்மையின் நெற்றியில் குங்குமம் இட்டாள். அவள் இடதுகைக்காரி, அந்தக் கையால் வண்ணம் தீட்டினால் பிசிறு தட்டாது. ஆனால் சாமி காரியத்துக்கு இடதுகை ஆகாது என்று வலதுகையால் இட்டாள். பழகாத கை, பொட்டு புருவத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. பூஜைக்கு மட்டும் போன் அனுமதி உண்டு. அருணா படம் எடுத்து, ஆயுத பூஜை வாழ்த்து எழுதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள்.

அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனதோ, வாரம் முடிவதற்குள் வெளிநாட்டு யூடியூப்காரர்கள் எல்லாம் வாழைப்பழத்துக்கும் பொரிக்கும் நடுவே நிற்கும் பொம்மையைப் பெரிதாக்கிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். முகமூடி வீரன் ஒரு பெண்! நெற்றியில் சிவப்புக் குறி வேறு! அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று மணிக்கணக்காக விவாதம். மதன் அதைச் சொன்னபோது பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். திலகவதி மட்டும் பைக்குள் இருந்த அலமாரிச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

துளசிராமன் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார். படம் எடுத்தது யார் என்று கேட்டார். அருணா உடனே கையைத் தூக்கினாள்.

"பொம்மைய வெளிய எடுத்தது யாரு?"

திலகவதி வாயைத் திறந்தாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப் போன சேகரின் கை கண்முன் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அதுவும் நான்தான் சார்" என்றாள் அருணா. "அலமாரி தொறந்து இருந்திச்சி."

கண் வரைய வேறு ஆள் இல்லாததால், பூட்டாமல் விட்டதற்குத் திலகவதியைத் திட்டியதோடு துளசிராமன் நிறுத்திக்கொண்டார். அருணா காண்ட்ராக்ட் தொழிலாளி. அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கம்பெனி கேட் வரை கூடப் போன திலகவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமாவ பாத்துக்கக்கா" என்று மட்டும் சொன்னாள். திலகவதி அந்தச் சொல்லைத் தின்று, அதிலேயே படுத்து, அதிலேயே எழுந்தாள்.

படம் வெளியாகி, நெற்றியில் குறி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் ரசிகர்களுக்குப் பெரிய ஏமாற்றம். பொட்டு வைத்த பொம்மைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்காரனுக்கு வியாபாரம் தெரியும். பொட்டோடு சிறப்புப் பதிப்பு என்று அறிவித்து, ஆர்டரை இங்கேயே அனுப்பினான். அச்சு அசலாக அருணா எடுத்த படத்தில் இருக்கும் பொட்டேதான் வேண்டும் என்றான். எந்தப் படத்துக்காக ஒருத்தியைத் துரத்தினார்களோ, அதே படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டினார்கள். வெட்கம் என்பது கம்பெனிகளுக்கு விதிக்கப்பட்டதல்ல.

பொட்டு வைக்கும் வேலை திலகவதிக்கு வந்தது. அவள் கைக்கு அது வரவே இல்லை. திருத்தமாக வந்தது, அழகாக வந்தது, அருணா வைத்த மாதிரி வரவில்லை. மாதிரி போகும், திரும்பி வரும். துளசிராமன் எரிந்து விழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலேறிக் கவரைப்பேட்டைக்குப் போனாள். ஸ்டேஷனுக்கு வெளியே தள்ளுவண்டியில் அருணா நாஷ்டா விற்றுக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. மாமா எப்டி கீறாரு?"

முதல் கேள்வியே அதுவாக இருந்ததில் திலகவதி உடைந்துபோனாள். "அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும்டி. சாவிய கையில வச்சிகினு ஊமையா நின்னுட்டேன்."

"நீ சொல்லிருந்தா மாமா பொழச்சி இருப்பாரா?" என்றாள் அருணா. தோசையைத் திருப்பிப் போட்டாள். "எனக்கு கோவமே இல்லன்னு சொல்லமாட்டேன்கா. நீ ஒரு போனாச்சும் பண்ணுவேன்னு பாத்துகினே இருந்தேன்."

"திரும்ப வேலைக்கி வரியா? நான் கேக்குறேன்."

"வேணாம்."

கிளம்பும்போது அருணா வண்டியிலிருந்த சாமி படத்தின் முன்னால் இருந்து குங்குமம் எடுத்து, வலதுகையால் அவள் நெற்றியில் இட்டாள். ரயில் ஜன்னல் கண்ணாடியில் திலகவதி தன்னைப் பார்த்தாள். பொட்டு புருவத்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆரம்பாக்கம் வரும்வரை அழுதாள்.

திங்கட்கிழமை தூரிகையை இடதுகைக்கு மாற்றிக்கொண்டாள். பழகாத கை. பொட்டு தானாகச் சாய்ந்தது. மாதிரி பாஸானது.

சிறப்புப் பதிப்பு அறிவித்த நாளிலேயே விற்றுத் தீர்ந்தது. வீடு திரும்பும் பஸ்ஸில் மதன் போனை நீட்டினான். பெரிய யூடியூப்காரன் ஒருவன் பொம்மையை முத்தமிடாத குறையாகக் கையில் வைத்திருந்தான்.

"இந்த மார்க்க மொதல்ல வரைஞ்ச ஆர்ட்டிஸ்ட் யாருன்னு கேக்குறான்கா. கீழ ஆயிரக்கணக்குல கமெண்ட்டு. யாருக்கும் தெரியல."

"எழுது" என்றாள் திலகவதி. "கவரைப்பேட்டை அருணான்னு எழுது."

மதன் சிரித்துக்கொண்டே தட்டினான்.

"இன்னொண்ணும் எழுது. பொம்மைய வெளிய எடுத்து முகமூடிய கயட்டுனது திலகவதி. அருணா இல்ல. சாவி திலகவதி கிட்டதான் இருந்திச்சி."

மதனின் விரல் நின்றது. "அக்கா, துளசிராமன் சாரு பாப்பாரு. வேல போயிடும். மாமாவுக்கு..."

சேகரின் கை இப்போதும் கண்முன் வந்தது. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தாள். "அந்தப் பொண்ணு எனக்காகவா வெளிய போச்சி?" என்று அவன் கேட்டது ஒன்றுதான்.

"பாக்கட்டும்" என்றாள். "அனுப்பு."

மதன் அனுப்பினான்.