எனெலெசியின் படிவம்

எனெலெசியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரிலேயே அதிகம் குறை சொன்னவள் நான்தான். அது வேறு விஷயம்.

அவள் எங்கள் காம்வெண்டோ கிராமத்துப் பெண்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் புலி. பத்தாவது படிக்கும்போது வயிற்றில் பிள்ளை வந்து படிப்பு நின்றது. கட்டிக்கொண்டவன் எங்கள் ஊர் வழக்கப்படி அவள் வீட்டோடு வந்து இரண்டு மழைக்காலம் இருந்தான். பிறகு ஜோகன்னஸ்பர்க் போய்ச் சம்பாதிக்கிறேன் என்று பஸ் ஏறினான். எட்டு வருஷமாயிற்று, இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான் போலிருக்கிறது. மகளையும் சோளக்கொல்லையையும் அவள் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொண்டாள். அப்புறம் டெட்சா டவுனில் அடுப்புத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கிய செருப்போடு போய் நின்று, வேலையோடு திரும்பி வந்தாள்.

முதல் கூட்டம் ஊர்த் தலைவி வீட்டு மாமரத்தடியில் நடந்தது. இருபத்தாறு செங்கல்லும் சேறும் இருந்தால் போதும், விறகு பாதியாகக் குறையும், புகையும் குறையும், குறைகிற புகைக்காக வெளிநாட்டுக் கம்பெனிகள் திட்டத்துக்குப் பணம் தரும் என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏண்டி, நம்ம வீட்டுப் புகையை வாங்கி அவங்க என்ன பண்ணப் போறாங்க? கருவாடு போடவா?" என்றேன்.

"புகையை வாங்கலக்கா. வராத புகையை வாங்கறாங்க."

"வராததையா? அப்ப உன் புருஷனையும் சேத்து வித்துடு!"

கூட்டமே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அதே எனெலெசி அடுத்த வாரம் என் சமையல் குடிசைக்கு வந்து, முழங்கை வரை சேற்றோடு எனக்கு அடுப்புக் கட்டிக் கொடுத்தாள். மூன்று கல் வைத்து எரித்த காலத்தில் வாரத்துக்கு மூன்று தடவை மலைக்கு விறகுக்குப் போவேன். இப்போது ஒரு தடவை போதும். பயறு வேகும்போது பக்கத்தில் உட்கார்ந்து இரும வேண்டியதுமில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு அடுப்பு. மாதம் ஒரு தடவை சைக்கிளில் எல்லா வீட்டுக்கும் போய்ப் பார்த்து, எரிகிறதா இல்லையா என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மழையில் நனையாமல் இருக்க அந்தப் படிவங்களை உரச் சாக்கின் உள்பையில் சுற்றி வைத்திருப்பாள். தன் மகளைக்கூட அப்படிப் பொத்தி வைத்ததில்லை.

போன ஆகஸ்ட்டில் கிப்ரோனோ என்று ஒரு கென்யாக்காரர், பணம் தருகிறவர்களுக்காக அடுப்புகளைப் பரிசோதிக்க வந்தார். சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு வீடு எடுப்பார், அந்தப் பன்னிரண்டைப் பார்த்து மொத்தத்தையும் முடிவு செய்வார். அடுப்பு எரியவில்லை என்று அவர் எழுதினால் திட்டம் எங்களைக் கைவிடும். அதோடு, இரண்டு வருஷமாக எனெலெசி போட்ட கையெழுத்தெல்லாம் பொய்க் கையெழுத்தாகிவிடும். பொய்க் கையெழுத்துக்காரி என்று பெயர் வாங்கினால் டெட்சாவில் அவளுக்குத் துடைப்பம் பிடிக்கும் வேலைகூடக் கிடைக்காது.

வீடுகளுக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் தலைவியின் அனுமதி இல்லாமல் ஊருக்குள் வரமுடியுமா? தலைவிக்கு மட்டும் சொல்லி அனுப்பினார்கள். தலைவி என்ன செய்வாள்? எந்தத் தலைவியும் செய்வதைத்தான் செய்தாள். வெளிநாட்டிலிருந்து விருந்தாளி வருகிறார், அடுப்பைப் பார்க்க வருகிறார் என்று முதல் நாள் வீடு வீடாக ஆள் விட்டாள்.

விருந்தாளி வருகிறார் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? மெழுகுவோம். மெழுகாத வீட்டில் விருந்தாளியை உட்கார வைப்பது முகத்தில் கரி பூசிக்கொள்வது மாதிரி. அதிலும் அவர் பார்க்க வருவதே அடுப்பை. அன்று சாயங்காலம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஆற்றங்கரைச் செம்மண்ணைக் குழைத்து, அடுப்பை உள்ளும் புறமும் வழித்து மெழுகி வைத்தோம். என் அடுப்பு கடையில் வாங்கிய குடம் மாதிரி மினுமினுவென்று நின்றது. அந்த அழகைக் கெடுக்க மனசு வராமல், காலைக் கஞ்சியைக் கொல்லைப்பக்கம் மூன்று கல் வைத்துக் காய்ச்சினேன். எல்லோரும் அப்படித்தான். எங்கள் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது?

எனெலெசி டவுனிலிருந்து அவரோடு காரில் வந்து இறங்கினாள். முதல் வீட்டுக் குடிசைக்குள் தலையை நீட்டியதும் அவள் முகம் செத்துப்போயிற்று என்று பிறகு சொன்னார்கள். என் வீடு ஆறாவது. அதற்குள் அவர் ஐந்து வீட்டுக்கு எதிரே ‘உபயோகத்தில் இல்லை’ என்று எழுதிவிட்டிருந்தார். விஷயம் அவர்களுக்கு முன்னாலேயே ஓடி வந்து என் காதில் விழுந்திருந்தது.

உள்ளே வந்தார். அடுப்பு வாயில் கையை விட்டுத் தடவினார். விரலில் கரி இல்லை, ஈரச் செம்மண். ஏதோ கேட்டார்.

எனெலெசி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இன்னைக்குக் காலையில எங்க சமைச்சீங்கன்னு கேக்கறார்."

பொய் சொல்லவா? ஆனால் கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது, மூன்று கல்லும் சாம்பலும் பல்லைக் காட்டுகின்றன.

"வெளியில... மூணு கல்லுல" என்றேன்.

அவளுக்கு மாற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளேதான் சமைத்தாளாம் என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியவா போகிறது? சொல்லவில்லை. ‘அவுட்சைட், த்ரீ ஸ்டோன்ஸ்’ என்று நான் சொன்னதையே அவரிடம் சொன்னாள். எட்டாவது படித்த எனக்கு அது புரிந்தது. அவள் உதடு நடுங்கியது, ஆனால் வார்த்தை நடுங்கவில்லை.

அவர் பேனாவைத் திறந்தார். எனக்கு வந்ததே கோபம்!

"நில்லுய்யா! யோவ், எழுதாதே! எனெலெசி, அவருகிட்ட சொல்லு, நீ வீட்டுக்கு வர்றேன்னுதாண்டா மெழுகினோம்னு சொல்லு! ரெண்டு வருசமா இதுலதான் பொங்கறேன். மரியாதை பண்ணினது தப்பாய்யா?"

"அக்கா, அவர் கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும்."

"அப்ப பாக்கச் சொல்லு!"

மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, அடுப்பு வாயின் விளிம்பில் ஒரே போடு. ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. "ஐயோ!" என்று எனெலெசி கத்தினாள். அவள் கட்டின அடுப்பாயிற்றே.

கிப்ரோனோ பயந்து ஓரடி பின்னால் போனார். பிறகு குனிந்தார். பிறகு மண்டிபோட்டார். உடைந்த இடத்தில் சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று அடை அடையாகக் கோடு தெரிந்தது. ஒவ்வொரு மெழுகலுக்குக் கீழும் அதற்கு முந்தைய மாதங்களின் கரி. பையிலிருந்து ஒரு சின்ன மடக்குக் கத்தியை எடுத்து மெதுவாகச் சுரண்டி எண்ணினார். ஒன்பது கறுப்புக் கோடு.

ஊர்க்காரனால் அறுக்க முடியாத முடிச்சை அறுக்க விருந்தாளிதான் கூரான கத்தியோடு வருவான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு மெய்யாகவே கத்தியோடுதான் வந்திருந்தார்.

"இது எப்பன்னு கேக்கறார்" என்றாள் எனெலெசி, ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டி.

"அது என் தங்கச்சி மக கல்யாணம். அதுக்குக் கீழ, சித்தப்பா சாவு. அதுக்கும் கீழ பாதிரியார் வந்தாரே, அது. இந்த மொத்தமான கரி இருக்கே, மழைக்காலம் பூரா எவனும் வீட்டுக்கு வரல, மெழுகவும் இல்ல, சமையல் மட்டும்தான்."

அவள் மாற்றிச் சொல்லச் சொல்லச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் பழைய ஐந்து வரியையும் அடித்துவிட்டு, திரும்பவும் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். "சேறு இன்னும் காயலையே, சுரண்டறாரே மனுசன்!" என்று ஊரெல்லாம் ஒரே கூப்பாடு. சுரண்டின இடமெல்லாம் கரி வந்தது. கரியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை நான் கண்டதில்லை.

பதினோரு வீடு ஆயிற்று. பன்னிரண்டாவது தலைவி வீடு.

தலைவியின் அடுப்பைச் சுரண்டினார். சிவப்பு. இன்னும் சுரண்டினார், சிவப்பு. செங்கல்லே வந்துவிட்டது, கரி வரவில்லை. தலைவி வானத்தைப் பார்த்தாள், நாங்கள் காலைப் பார்த்தோம். போச்சுடா, எல்லாம் கூடி வந்த நேரத்தில் இப்படியா என்று நினைத்தேன். எனெலெசி மட்டும் அசையாமல் நின்றாள்.

கிப்ரோனோ அவளுடைய படிவக் கட்டை வாங்கிப் பிரித்தார். தலைவி வீட்டுப் படிவத்தை எடுத்தார். அதற்கு முந்தைய மாதத்தை எடுத்தார். அதற்கும் முந்தையதை. பிறகு கட்டை மூடி அவள் கையிலேயே கொடுத்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னடி ஆச்சு? என்ன சொல்றார்?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"பன்னெண்டு வீட்டுலயும் நான் எழுதினதும் அவர் பாத்ததும் ஒண்ணாவே இருக்காம். போதுமாம்."

"தலைவி வீட்டுலயுமா?"

தலைவி மெதுவாகத் திரும்பினாள். ஊரில் அவள் முன்னால் செருப்புப் போட்டு நடக்கவே யோசிப்போம். "என் வீட்டுக்கு என்ன எழுதியிருக்கே?" என்றாள்.

எனெலெசி முழங்காலிட்டுத்தான் பதில் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

"உபயோகத்தில் இல்லைன்னு எழுதியிருக்கேன் தலைவியம்மா. பதினெட்டு மாசமா."

தலைவி அவளையே பார்த்தாள். தொண்டையைக் கனைத்தாள்.

"உபயோகத்துல இல்லையா? அதுலதானே என் கோழி முட்டை போடுது. அதை எழுதலியா?"

"எழுதியிருக்கேன் தலைவியம்மா. மே மாசம், ‘கோழி அடைகாக்கிறது’ன்னு."

தலைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எங்களை யார் பிடிப்பது! எனெலெசி எழுந்திருக்க மாட்டாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா, அப்பாடா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நான் அவளை எழுப்பி என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உடைந்த அடுப்பிலேயே தீ மூட்டி, களி கிண்டி, பூசணிக் கீரையோடு கொடுத்தேன். இரண்டு கையளவு தின்றுவிட்டு உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"நாளைக்கு வந்து பூசித் தரேங்கா."

"வேண்டாம்டி. அப்படியே இருக்கட்டும். அடுத்து வர்றவன் நின்னபடியே பாத்துட்டுப் போகட்டும்."

அவள் கையைக் கழுவினாள். உரச் சாக்குப் பையை அவிழ்த்து, படிவத்தில் என் பெயருக்கு நேரே எழுதினாள். என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்தேன்.

‘எரிகிறது. வாய் உடைந்திருக்கிறது.’

"அடுப்பைத்தானே சொல்றே?" என்று கேட்டேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.