தேவையில்லை என்று விட்ட வயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாரி மழை தொடங்குவதற்குச் சற்று முன், பண்டத்தரிப்பில் நடந்தது இது. என் அக்கா மாதகல் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். கலியாணம் செய்யவில்லை, தனியாக இருக்கிறாள். இருபது வருடமாகச் சைக்கிள் மிதித்ததில் முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் ஒருவருடைய மோட்டார் சைக்கிளிலும் பின்னால் ஏறமாட்டாள். யாரையும் எதற்கும் பார்த்து நிற்கக் கூடாது என்பது அவளுடைய பிடிவாதம்.

ஒருநாள் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய் ஒரு கடையில் மின்சார சைக்கிள் பார்த்துவிட்டு வந்தாள். நீல நிறம். கடைக்காரர் தந்த துண்டுப் பிரசுரத்தை மடிப்புக் கலையாமல் என்னிடம் நீட்டினாள்.

“ஏறி இருந்து பாத்தனான் தம்பி. பாரமில்லை. இதையே வாங்குவம் எண்டு நினைக்கிறன்.”

நான் சிரித்தேன். தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுவது என் தொழில். ஊரில் பாதிக் கிணற்று மோட்டார்கள் என் கையால் உயிர் பிழைத்தவை. அப்படிப்பட்டவனின் அக்கா கடைக்குப் போய் மோட்டார் பூட்டிய சைக்கிள் வாங்குவதா? மானம் போகிற விஷயமாகப் பட்டது.

“உந்தக் கடைக்காரர் பெட்டியிலை வாறதை எடுத்துப் பூட்டுறாங்கள். அதைவிடத் திறமா நான் செய்து தாறன். உங்கடை சைக்கிளே போதும்.”

“உனக்கேன் வீண் கரைச்சல்” என்றாள். பிறகு, “சரி, உன்ரை விருப்பம்” என்றாள். அந்தத் துண்டை வாங்கித் திரும்பவும் கைப்பைக்குள் வைத்தாள். அவளுக்கு மனமில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை.

மோட்டார் பூட்டிய சைக்கிள் சில்லு, பற்றரி, முறுக்கினால் வேகமெடுக்கிற கைபிடி எல்லாம் தனித்தனியாக எடுப்பித்தேன். அவற்றோடு இரண்டு பிரேக் பிடிகளும் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய வயர். பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவதற்கான வயர் அது. அக்காவின் பழைய சைக்கிளில் இரும்புக் கம்பி பிரேக். புதிய பிடிகள் அதற்குப் பொருந்தவில்லை. பொருத்த வேண்டுமானால் இன்னும் ஒருநாள் மினக்கெட வேண்டும். இரும்பு பிரேக் நல்லாகத்தானே பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பிடிகளை ஒரு பையில் போட்டு ஆணியில் கொழுவிவிட்டேன்.

ஒழுங்கையில் இருபது தடவை ஓடிப் பார்த்தேன். பறந்தது. அயல்சனம் வந்து பார்த்துப் புகழ்ந்தது. ஓடிப் பார்த்தேனே தவிர, ஒருதடவைகூட இறங்கி உருட்டிப் பார்க்கவில்லை.

அக்கா போகும் வழியில் ஒரு பிள்ளையார் கோவில் இருக்கிறது. கோவிலுக்கு முன்னால் சைக்கிளில் ஏறி இருந்தபடி போகமாட்டாள். இறங்கி, ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டு, தேர்முட்டி தாண்டும்வரை உருட்டித்தான் போவாள். சிறுவயதில் அவளுடைய கரியரில் இருந்து பள்ளிக்கூடம் போனவன் நான். என்னையும் அங்கே இறக்கித்தான் நடத்துவாள். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

சைக்கிளை அவளிடம் கொடுத்த மூன்றாம் நாள் காலை அங்கே இறங்கியிருக்கிறாள். திறப்பைத் திருகி மோட்டாரை நிறுத்தவில்லை, அந்தப் பழக்கமில்லை. இடக்கையால் கும்பிட, சைக்கிளின் பாரம் முழுவதும் வலக்கையில். கைபிடி முறுகியது, சைக்கிள் பாய்ந்தது. பயத்தில் அவள் இன்னும் இறுக்கிப் பிடிக்க அது இன்னும் வேகமெடுத்தது. பிரேக்கையும் சேர்த்துத்தான் பிடித்தாளாம். மோட்டார் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு போய் மதகில் மோதியது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், “எப்பிடி அம்மா விழுந்தனீங்கள்?”

“சைக்கிளிலை பிழையில்லை, டொக்டர். எனக்குத்தான் பிடிக்கத் தெரியேல்லை.”

நான் பக்கத்தில் நின்றேன்.

பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். “தம்பி இரவு பகலாக் கிடந்து செய்து தந்தவன். நான் விசரி, கைபிடியை முறுக்கிப்போட்டன்.” அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இவ்வளவு பாடுபட்டும் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்கள். நான் அவர்களோடு இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் கை முழுதாக மடங்காது. அக்கா இப்போது பஸ்ஸில் போகிறாள். தலையைத் தானே பின்ன முடியாது. பக்கத்து வீட்டுப் பெண் சமையலை முடித்து வரும்வரை, தினமும் காலையில் விரித்த தலையோடு வாசலில் காத்திருக்கிறாள். அந்த நேரத்தில் அந்த வழியாகப் போக நேர்ந்தால் நான் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போகிறேன்.

வயரைப் பற்றி அவளுக்கு இன்றுவரை தெரியாது. பிழை தன்னுடையது என்றே நம்புகிறாள். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை அவளுடைய வீட்டுப் படலைவரை போயிருக்கிறேன். உள்ளே போனால், “சாப்பிட்டியே தம்பி” என்று கேட்பாள், சொல்லாமலே திரும்பிவிடுவேன். அவளிடம் சொல்ல வேண்டியதை முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன், அதையும் பெயர் போடாமல்தான் சொல்கிறேன் என்பதிலிருந்தே நான் எப்படிப்பட்டவன் என்பது எனக்கு விளங்குகிறது.