மேலாக வெட்டிய பெயர்கள்

உளி முனையைக் காதோர முடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி கோப்பைமேல் குனிவாள் கோப்பைக்கா. வீட்டில் வைத்த பேர் வேறு. படகுச் சங்கத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. சங்கம் நடத்துவது பல நாட்டுப் பாய்மரப் படகுகள் போட்டியிடும் பந்தயம். ஜெயித்த படகின் தலைவர் பேரை வெள்ளிக் கோப்பையில் இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறவள் இவள்தான்.

பந்தயத்தின் சரித்திரத்தை எந்தப் புத்தகத்திலும் படித்தவள் இல்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிக் காட்டியே சொல்லிவிடுவாள். முதல் வருடம் மூன்றே படகு, அதில் ஒன்று கரையிலேயே கவிழ்ந்தது. "இவரு காத்தே இல்லாம ரெண்டு நாள் வாத்து மாதிரி மிதந்தே ஜெயிச்சாரு." அடுத்தவர் பாய் கிழிந்ததும் போர்வையைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர். யுத்தத்தால் பந்தயம் நின்ற வருடங்களுக்குப் பேருக்குப் பதில் ஒரு சின்னப் பூக்கொடி.

அந்தச் சரித்திரத்தில் அவளுடைய திருத்தமும் உண்டு. ஒரு தலைவர் அவளை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார். பதினைந்து வருடத்தில் அவர் பேர் நகம் பட்ட கீறல்போல் ஆகிவிட்டது. வெள்ளி மட்டமென்று சங்கத்தார் கடைக்காரனைத் திட்டுகிறார்கள். "நான் யாரையும் திட்ட மாட்டேன். மேலாக்க வெட்டிருவேன். மிச்சத்த வருஷா வருஷம் போடுற பாலீஷ் பாத்துக்கும்."

இந்த வருடம் ஜெயித்தது அவள் சொந்தத் தங்கை.

சின்ன வயதில், படகுக்கு ஆள் எடுத்தபோது அக்காவும் தங்கையும் ஒன்றாகத்தான் போனார்கள். கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்குள் அக்கா வாந்தியெடுத்துவிட்டாள். தங்கை கடலோடு போனாள். அவள் படம் பேப்பரில் வரும் நாளிலெல்லாம் அக்காவுக்குச் சோறு இறங்காது. அந்தப் பக்கத்தில்தான் உளியைத் துடைப்பாள். "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. எண்ணெய நல்லா இழுக்குது."

நேற்று பேரை வெட்டி முடித்த நேரம் பார்த்துத் தங்கை பட்டறைக்கு வந்தாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அக்காவின் வித்தை அவளுக்குத் தெரியாதா என்ன.

"எத்தன வருஷம்கா தாங்கும்?"

"எட்டு."

"பரவால்ல. அதுக்குள்ள இன்னொருக்க ஜெயிச்சுட்டு வரேன். அப்பவும் நீதான வெட்டணும்."

சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.  திமிரைப் பாரு, திமிரை என்று அக்கா முனகினாள். பட்டறைக் கதவைச் சாத்தினாள். வந்து உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து மறுபடி உளியை வைத்து, தோள் வலிக்க ஆழமாக அழுத்தினாள்.

முடிந்ததும் கோப்பைக்குள் முழங்கைவரை கையை விட்டாள். மெல்லிய வெள்ளியின் உட்புறத்தில் தங்கையின் பேர் இடவலம் மாறிப் புடைத்திருந்தது. அதை ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தாள்.