கழுவிய கஞ்சாவும் சாமித்தம்பி அண்ணனின் காலும்

அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு கஞ்சா கழுவியவள் நான். இதை எங்கே சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெய்யாத்தானா?" என்று கேட்பார்கள். மெய்தான். மட்டக்களப்பு வாவிக்கரையில், ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு அக்கரை மண்டூருக்குப் பாதைப் படகு போகும் துறைக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சித்த வைத்தியசாலையில் மருந்துக் கலவையாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு என் பிழை ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும் என்று நெடுநாள் நினைப்பு. வேறு யாரையும் இதற்குள் இழுக்கப் போவதில்லை.

1. முதல் சாக்கு

சுனாமிக்கு அடுத்த வருஷம். கடற்கரைச் சனம் முழுக்க முகாம்களில் இருந்தது. எங்கள் வீடும் போயிருந்தது, ஆட்கள் தப்பினோம். வைத்தியசாலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி இரண்டு விஷயத்தைத்தான் சொன்னார்கள். நித்திரை இல்லை, சோறு இறங்குதில்லை.

அந்த நேரம் எங்களுக்குப் புதிதாக ஒரு பெண் டொக்டர் வந்திருந்தார். என்னை விட வயது குறைவு, ஆனால் பிடித்தால் விடமாட்டார். கஞ்சா சேர்ந்த லேகியம் செய்ய வேண்டும் என்று கொழும்புக்கு எழுதி எழுதி அனுமதி எடுத்துவிட்டார். பொலிஸ் பிடிக்கிற கஞ்சாவில் ஒரு பங்கு, வழக்கு முடிந்த பிறகு, மருந்துக்கென்று கொழும்பில் உள்ள அரசாங்க மருந்துக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும். அதில்தான் எங்களுக்கும் கொஞ்சம் கொடுத்தார்கள்.

சாக்கை வாங்கி வந்தது நானும் வைத்தியசாலைச் சாரதியும். வழியில் சோதனைச் சாவடிகளுக்குக் குறைவில்லை. ஒரு இடத்தில் இராணுவப் பையன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தான், சாக்கை மணந்தான், என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"மருந்தா?" என்று தெரிந்த தமிழில் கேட்டான்.

"மருந்துதான். நித்திரை இல்லாத ஆக்களுக்கு."

"எனக்கும் நித்திர இல்ல மிஸ்," என்று சொல்லிவிட்டு வழிமறித்த கம்பை உயர்த்தினான்.

சாக்கைத் திறந்தால் காய்ந்த இலையும் தண்டும் தூசியும்தான். மொனராகலைப் பக்கத்தில் காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனையில் முளைத்தது, வழக்கு முடியும் வரை பல வருஷம் எங்கோ ஒரு அறையில் கிடந்தது. கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. டொக்டர் அதைக் காட்டிப் பாடம் எடுத்தார்.

"அக்கா, எல்லாக் கஞ்சாவும் ஒண்டில்ல. இலைக்கு ஒரு குணம், பூவுக்கு ஒரு குணம். இலை வயித்துக்கு நல்லம். பசி எடுக்கும், கழிச்சல் நிக்கும், லேசா நித்திரையும் வரும். பூ நோவுக்கு. ஆனா பலம் கூட, பாத்துத்தான் தொடணும். எந்த மண்ணில முளைச்சது, எத்தின வருஷம் கிடந்தது எண்டதிலயும் குணம் மாறும்."

நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது, கைக்கு வரவில்லை.

2. பதம்

வேலை இப்படித்தான். கஞ்சாவை வெள்ளைச் சீலையில் பொட்டலியாகக் கட்டித் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். பச்சை நிறத் தண்ணீர் நின்று தெளிந்த தண்ணீர் வரும் வரை பிழிய வேண்டும். நிழலில் உலர்த்தி, பசுநெய்யில் இளம் சூட்டில் வறுத்து, இடித்துச் சலித்து, சுக்கு மிளகு திப்பிலி சாதிக்காயோடு சர்க்கரைப் பாகில் கிண்டி இறக்க வேண்டும். எங்கள் சனத்துக்குச் சுண்டங்காய் அளவு, இரவில் ஒரு வேளை.

எந்த லேகியம் கிண்டினாலும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பதம் பார்ப்பது என் வழக்கம். இதை மட்டும் நான் வாயில் வைத்ததில்லை. நாங்கள் மெதடிஸ்த சபை, அப்பா உபதேசியார். ஒருவரில் கள் மணம் அடித்தாலே அவரோடு ஒரு கிழமை பேசாத மனிசன். அவர் மகள் கஞ்சா லேகியம் நக்கினாள் என்று ஊருக்குத் தெரிந்தால்! விரலால் உருட்டிப் பார்த்து, ஒட்டாமல் உருண்டால் பதம் சரி என்று வைத்துக்கொண்டேன்.

இந்த லேகியத்தால் நிமிர்ந்தவர்களில் ஒருவர் சாமித்தம்பி அண்ணன். வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்காரர், வாவியில் வலை போடுகிறவர். எங்கள் பக்கத்தில் சண்டை நடந்த கடைசி வருஷம் செல் குண்டு விழுந்து, வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. அவர் முதன்முதல் வந்து சொன்ன கதை எனக்கு விளங்கவேயில்லை.

"இல்லாத கால் நோகுது மிஸ். பெருவிரல முறுக்கிப் பிழியிற மாதிரி. தடவ எண்டு கைய வச்சா, அங்க ஒண்ணும் இல்ல."

டொக்டருக்கு விளங்கியது. லேகியம் கொடுத்தார். ஒரு மாதத்தில் நோ பாதியானது. அண்ணன் ஒற்றைக் காலோடு தோணியில் ஏறி மறுபடி வலை போடத் தொடங்கினார். அவர் மனைவி பூமணி அக்கா சந்தோஷத்தில் எங்களுக்குப் பனையான் மீன் கொண்டுவந்து தந்தார்.

3. நல்ல சரக்கு

யுத்தம் முடிந்தது. பழைய சாக்கும் முடிந்தது. அடுத்த வருஷம் புதிய சரக்கு ஒரு தகரத்தில் வந்தது. மேலே ஒட்டியிருந்த துண்டில் கஞ்சா என்றும் நிறையும் மட்டும் எழுதியிருந்தது. மூடியைத் திறந்தேன். ஆண்டவரே, என்ன மணம்! கட்டியாக அமுக்கிய பச்சைப் பூங்கொத்து. தண்டு இல்லை, தூசி இல்லை, விரலில் பிசின் மாதிரி ஒட்டியது. யுத்தத் தடை நீங்கிக் கடல் திறந்த பிறகு வரத் தொடங்கிய கேரளக் கஞ்சா அது. எனக்கு அன்றைக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இவ்வளவு காலத்தில் இன்றைக்குத்தான் நல்ல சரக்கு அனுப்பியிருக்கிறான்கள் என்பதுதான். சந்தோஷப்பட்டேன் என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

டொக்டர் அந்தக் கிழமை பயிற்சிக்குப் போயிருந்தார். நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா? பழைய இலைக்கு நிறுத்த அதே நிறையை நிறுத்தேன். கழுவினேன், வறுத்தேன், கிண்டினேன். விரலில் அழகாக உருண்டது. ஒன்பது பேருக்குப் போத்தல் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பகல், துறையில் ஒரே சத்தம். பாதைப் படகில் சாமித்தம்பி அண்ணனைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் தண்ணீரும் சேறும். மனிசன் சிரித்துக்கொண்டிருந்தார். பூமணி அக்கா தலையில் அடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"சிரிக்காதீங்க! செத்துப் போயிருப்பீங்க! மிஸ், என்ன மருந்து குடுத்தீங்க இந்த மனிசனுக்கு? பகல் நோவுக்கிதெண்டு ஒரு உருண்டையப் போட்டுட்டுத் தோணிய எடுத்தவர். பாதைக்காரங்க காணாட்டி என்ட கெதி என்ன?"

அண்ணன் என் கையைப் பிடித்தார். "கால் வந்திச்சு மிஸ். நோவே இல்ல. விரலெல்லாம் அசைஞ்சிச்சு. இறங்கி வலையப் பாப்பமெண்டு கால எடுத்து வெளியில வச்சன்."

இல்லாத காலை ஊன்றி வாவிக்குள் இறங்கியிருக்கிறார். நான் ஓடிப்போய் டொக்டரைக் கூப்பிட்டேன்.

4. நாக்கில் ஒரு துளி

டொக்டர் அன்று காலைதான் திரும்பியிருந்தார். அண்ணனைப் படுக்க வைத்து, நாடி பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்ற பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"எப்பவும் போடுற அளவுதான் டொக்டர்."

தகரத்தைத் திறந்து ஒரு கிள்ளு எடுத்துக் கசக்கினார். விரலைப் பிரிக்க முடியவில்லை. "இது இலை இல்ல அக்கா. முழுக்கப் பூ. புதுசு வேற. வாயில வச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும். நான் அடுத்த பாதைப் படகைப் பிடித்துப் படுவான்கரைக்குப் போனேன். வீடு வீடாகப் போய், "பிழையாக் கிண்டிப்போட்டன், தாங்க," என்று ஒவ்வொரு போத்தலாகத் திருப்பி வாங்கினேன். ஒருவர், முந்தியதை விட இது நல்லம் என்று தர மறுத்தார். அவரிடம் கெஞ்சித்தான் வாங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை, வேலை இல்லை. டொக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே மிளகளவு எடுத்து நாக்கில் வைத்தேன். அப்பா மன்னிக்கட்டும். அரை நாள் மருந்து அரைக்கும் கல்வத்துக்கு முன்னால் குந்தியிருந்து என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். டொக்டர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஒன்றை அவரிடம் நான் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு, தண்ணீர் கரையில் அடிக்கும் சத்தத்துக்குத் திடுக்கிடாமல் நான் இருந்தது அந்த ஒரு பின்நேரம்தான். மருந்து தெளிந்ததும் அந்தப் பயம் திரும்பி வந்தது. நான் அழுதேன்.

பிறகு பூவுக்கென்று தனி அளவு கண்டு, மிகக் குறைத்துப் போட்டுப் புதிதாகக் கிண்டினோம். தகரத்தில் இலையா பூவா, எந்தப் பக்கத்துச் சரக்கு, எத்தனை வருஷம் கிடந்தது என்று எழுதி ஒட்டினேன். பிள்ளைகளே, தராசு நிறையை மட்டும்தான் சொல்லும். என்ன வந்திருக்கிறது என்பதை நீங்கள்தான் மணந்து, தொட்டு, கேட்டு அறிய வேண்டும்.

5. ஒரே ஒருக்கா

அடுத்த கிழமை சாமித்தம்பி அண்ணன் ஊன்றுகோலோடு தனியாக வந்தார். நான் மன்னிப்புக் கேட்க எழும்பினேன். அவர் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், நீங்க திருப்பி வாங்கின அந்தப் போத்தல் இரிக்கா?"

"ஏன் அண்ணன்?"

"ஒரே ஒருக்கா. தோணியில ஏற மாட்டன். வீட்டுக்குள்ளயே படுத்துக் கிடப்பன். பூமணிக்கித் தெரியவும் வேணாம்."

"அது மருந்தில்ல அண்ணன். என்ட பிழை."

"பிழையெண்டாலும் நல்ல பிழை மிஸ். முழுக் காலும் வந்திச்சே!"

போத்தல்கள் எனக்குப் பின்னால் அலுமாரியில் இருந்தன. சாவி என்னிடம் இருந்தது. கொடுத்தால் யாருக்கும் தெரியாது. அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

"நானும் வாயில வச்சுப் பாத்தன் அண்ணன். நல்லாத்தான் இரிந்திச்சு. அதாலதான் தர மாட்டன். ஒருக்காவோட நிக்காது."

அவர் முகம் சுருங்கியது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். என் பிழையால் சுகம் கண்ட மனிதரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டி வந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

புதுப் போத்தலை அவர் முன்னால் வைத்தேன்.

"இதில கால் வருமா?"

"வராது. நோ பாதியாக் குறையும். நித்திர வரும்."

"மத்தப் பாதி?"

"அது இரிக்கும் அண்ணன்."

போத்தலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்து எழும்பினார்.

"இரிக்கட்டும் மிஸ். அதுவும் போனா, கால் இரிந்ததே மறந்து போயிரும்."